தேரிக்காட்டுக்கு ஒரு பாலைவன நிபுணர்

மஸ்கட்டில் வேலை பார்க்கிறவன் பாலைவனத்தில் வாழ்கிறான் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். நான் வாழ்வது ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். காலையில் ஏசி அறையிலிருந்து ஏசி காருக்கு, காரிலிருந்து ஏசி அலுவலகத்துக்கு. அங்கே உட்கார்ந்து கப்பல் சரக்குக்கு பில் போடுகிறேன். இத்தனை வருஷத்தில் மணலுக்குள் போனது ஒரே ஒரு தடவை. கம்பெனியில் எல்லோரையும் சுற்றுலா கூட்டிப் போனார்கள். மணல்மேட்டில் வண்டி ஏறி இறங்கிய வேகத்தில், மதியம் சாப்பிட்ட பிரியாணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இதை ராஜதுரையிடம் சொல்லியிருக்கலாம். லீவில் வந்து ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தபோதுதான் அவன் போன் வந்தது.

"ஏலே நம்பி, பெரிய டயர் மாட்டி வண்டி ஒண்ணு செஞ்சிருக்கேன். தேரியில ஏத்திப் பாக்கணும். மணல்ல வண்டி ஓட்டுததப் பத்தி ஒனக்குத் தெரியாததா? ரெண்டு மூணு நாளு எங்கூட வந்து இருலே."

"அதுக்கென்ன, பாத்துருவோம்" என்றேன். புகழ்ச்சிக்கு நான் எப்போதுமே கொஞ்சம் இளகுகிற ஆள். எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனம். அங்கே வண்டி சிக்கினால் சேற்றில்தான் சிக்கும். மணலைப் பற்றி எனக்கும் தெரியாது, என் பரம்பரைக்கும் தெரியாது.

ராஜதுரை என் கல்லூரித் தோழன். தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை ஒன்று வந்ததும் இவன் கடைக்கு வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் எதிர்க்கடைக்கு வழி கேட்கிறவர்கள் மட்டும்தான் வந்தார்கள். கடையை மூடிவிட்டான். அவன் மனைவி சுயம்புக்கனியின் அண்ணன் சென்னையில் பெரிய அரிசிக் கடை நடத்துகிறார். "குடும்பத்தோட வந்துருங்க மாப்ள, கடையைப் பாத்துக்கிடலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வார்.

"கடையப் பாத்துக்கிடலாம்னா என்ன அர்த்தம் தெரியுமா? கல்லாவுல அவரு இருப்பாரு. மூடைக்குப் பக்கத்துல நான் நிப்பேன். வாரவன் போறவன்கிட்ட எல்லாம் 'நம்ம தங்கச்சி மாப்ள'ன்னு சொல்லுவாரு" என்றான் ராஜதுரை. அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அவனுக்கு இருந்த ஒரே மாற்று வழி, தேரிக்காட்டு நடுவில் இருக்கும் அய்யனார் கோயில். உடன்குடிக்கு மேற்கே செக்கச்செவேல் என்று மணல் மேடு மேடாகக் கிடக்கும் காடுதான் தேரி. காற்று அடித்தால் நேற்றுப் பார்த்த மேடு இன்று வேறு இடத்தில் இருக்கும். கோயிலில் தண்ணீர் கிடையாது. வெள்ளிதோறும் பொங்கலிட வருகிறவர்களுக்கு டிராக்டரில் தண்ணீர் கொண்டுபோவார்கள். பாதி நாள் டிராக்டரே மணலில் உட்கார்ந்துவிடும். கமிட்டித் தலைவர் முத்துமாலை அண்ணாச்சி இவனிடம் சொல்லியிருந்தார்: "வெள்ளிக்கெழம காலையில தண்ணியோட கோயில் வாசல்ல வந்து நில்லு. நின்னுட்டேன்னா இனிமே சோலி ஒனக்குத்தான்."

புதன்கிழமை தூத்துக்குடியில் இறங்கினேன். ராஜதுரை என்னை முதலில் பொரிச்ச புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனான். மஸ்கட்டில் கிடைப்பதற்கும் பெயர் புரோட்டாதான். அதை இனி அப்படிக் கூப்பிடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். வயிறு நிறைந்த பிறகு வண்டியைக் காட்டினான். அந்த வரிசையில்தான் காட்டியிருக்க வேண்டும், வெறும் வயிற்றில் பார்த்திருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பேன்.

ஒரு பழைய ஜீப். அதன் பின்பாதியை அறுத்து எடுத்துவிட்டு, தண்ணீர் டேங்க் வைக்க இரும்புச் சட்டம் அடித்திருந்தான். துறைமுகத்தில் ஏதோ வண்டியிலிருந்து கழித்துப்போட்ட டயர்களில் மூன்றைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தான். ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு மேல் வந்தது. நான்காவது இடத்தில் ஜீப்பின் பழைய டயர் இருந்தது. அந்த மூலையில் வண்டி யாரையோ கும்பிடப் போகிறதுபோல் குனிந்து நின்றது.

"நாலாவது டயர் எங்கல?"

"புன்னக்காயல்ல. நாளைக்கு எடுத்துருவோம். வேற கொற ஒண்ணும் இல்ல" என்றவன், கொஞ்சம் யோசித்து, "எடப்பக்கம் மட்டும் முழுசா ஒடிக்க முடியாது. டயரு மட்கார்டுல இடிக்கும்" என்றான்.

"அப்ப இடது பக்கம் திரும்பணும்னா?"

"வலது பக்கம் மூணு தடவ திரும்பணும்."

சுயம்புக்கனி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மஸ்கட்டுலயும் இப்படித்தான் ஓட்டுவாவளா அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டாள். சில ஊர்களில் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கருப்பட்டிக் காப்பியை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூடத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்கள் கட்டி வைத்திருந்தது தெரிந்தது.

"அவளுக்கு மெட்ராஸ் போவணும்" என்றான் ராஜதுரை மெதுவாக. "வாய் தொறந்து சொல்ல மாட்டா. பெட்டி கட்டிட்டாளே, பாத்தேல்லா."

மறுநாள் பஸ்ஸில் புன்னைக்காயல் போனோம். ஆறு கடலோடு சேரும் இடம். மாதா கோயில் கோபுரத்துச் சிலுவை தூரத்திலேயே தெரிந்தது. கரையில் வலை காயப்போட்டிருந்த அந்தோணி அண்ணன், தன் படகின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கிய டயரைக் காட்டினார். படகு கரையில் மோதி அடிபடாமல் இருக்க மாட்டிய டயர். அதில் வெள்ளைப் பெயிண்டில் 'மாதா துணை' என்று எழுதியிருந்தது.

"டயர எடுத்துக்கிடுங்க. எழுத்த மட்டும் சொரண்டக்கூடாது" என்றார்.

"அய்யனார் கோயிலுக்குப் போற வண்டிண்ணே" என்று ராஜதுரை இழுத்தான்.

"போவட்டுமே. எங்க மாதா கடல்ல எம்புட்டுப் பாத்துட்டா. மணலையும் ஒருக்கா பாக்கட்டும். அய்யனாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நம்ம ஆளுதான்."

சீலா மீன் குழம்பு வைத்திருக்கிறது, சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவர் மனைவி உட்கார வைத்துவிட்டார். மஸ்கட்டிலும் அதே மீன்தான், அதே கடல்தான் என்று சொல்லலாம். ஆனால் புளியும் தேங்காயும் அரைத்த அந்தக் கைக்கு நான் எங்கே போவேன்? மூன்றாவது தடவை சோறு வாங்கியபோது ராஜதுரை என் காலை மிதித்தான்.

டயரை உருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தோம். கண்டக்டர் டயரைப் பார்த்தார், பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, பஸ்ஸுக்கே இம்புட்டுப் பெரிய டயரு கெடையாது. இத ஏத்துனா ஜனங்க இதுல போவோம்னு கேப்பாவ" என்று விசில் கொடுத்துவிட்டார். கடைசியில் மீன் வேன் ஒன்றில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, டயரும் நாங்களும் ஊர் வந்து சேர்ந்தோம். அன்று மாலை டயரை மாட்டியபோது தெருப் பூனைகள் எல்லாம் வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. மீன் வாடை டயரிலிருந்து வந்ததா எங்களிடமிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பின்னால் காலி டேங்க். முன்னால் ராஜதுரை, நான், ஓரத்தில் பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு சுயம்புக்கனி. பொங்கல் வைக்க வேண்டும் என்று அவளும் வந்தாள். இருபுறமும் உப்பளம். வெயில் ஏறாத நேரத்தில் உப்புக் குவியல்கள் கண்ணுக்கு இதமாக இருந்தன. வேகமுள் இருபதைக் காட்டியது, ஆனால் வண்டி நாற்பதுக்குக் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டயர் என்றால் முள் அப்படித்தான் பொய் சொல்லும் என்று ராஜதுரை சொன்னான். எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன்.

திருச்செந்தூரில் மாட்டிக்கொண்டோம். பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம், லாட்ஜ் வாசலில் பஸ்கள். இடது பக்கம் ஒரு திருப்பம் தேவைப்பட்டது. வலது, மறுபடி வலது, மறுபடி வலது. கூட்டத்தில் சரியான தெருவைத் தவறவிட்டு இன்னொரு சுற்று. ரதவீதியை வண்டியிலேயே வலம் வந்துவிட்டோம். ஒரு பூக்காரம்மா பக்திமான்கள் என்று நினைத்து கைநிறையப் பூவை உள்ளே எறிந்தாள். "வலம் வாரதுக்குன்னே செஞ்ச வண்டில்லா" என்று ராஜதுரை சொன்னதும் சுயம்புக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, தலையில் அடித்துக்கொள்ள வந்த கையை அங்கே கொண்டுபோனாளா என்று தெரியவில்லை.

உடன்குடி தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றில் டேங்கை நிரப்பினோம். தார் ரோடு முடிந்தது. முன்னால் சிவப்பு மணல், பனைகள், முந்திரிப் புதர்கள். ராஜதுரை வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"சொல்லுலே. மஸ்கட்டுல இப்ப என்ன செய்வாவ?"

என் வாழ்க்கையில் பாலைவனத்தைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்தச் சுற்றுலாவில், மணலுக்குள் இறங்கும் முன் டிரைவர் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். அப்போது நான் இன்னும் நல்ல உடம்போடு இருந்ததால் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"காத்தப் பிடுங்கு. டயரு பரந்து உக்காரணும். அப்பத்தான் மணல்ல பொதையாது" என்றேன்.

ராஜதுரைக்குப் பல வருஷம் படித்த டாக்டரிடம் வந்த திருப்தி. டயர் ஒவ்வொன்றும் தரையில் தொப்பை வைத்து உட்காரும் வரை காற்றை இறக்கினான். வண்டி மணலில் ஏறியது. சிக்காமல், அலுங்காமல் போனது. நான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சில நிமிஷம் நான் பெரிய நிபுணர்தான்.

தேரி ஓரத்துக் கடைசி வீடு சுயம்புக்கனியின் சித்தப்பா வீடு. வாசல் வழியாகப் போய்விட்டு உள்ளே போகாமல் இருந்தால் அடுத்த கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் பேச்சு இருக்காது. அதனால் இறங்கினோம். சித்தப்பா வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க மருமகனே! சாப்பிட்டுத்தான் போவணும்."

"நேரமாச்சு மாமா. முத்துமாலை அண்ணாச்சி கோயில்ல நிப்பாரு."

"நிக்கட்டும். அவரு என்ன வெயிலுக்கு உருகிருவாரா?"

இட்லி, சட்னி, பனங்கிழங்கு, அதற்கு மேல் பதநீர். நாங்கள் உள்ளே சாப்பிட்டோம். சித்தப்பா நடுவில் எழுந்து வெளியே போனார், வந்தார், மறுபடி போனார். வெளியே ஏதோ மோட்டார் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட் ஓடுகிறது என்று நினைத்தேன். புறப்படும்போது அவரும் கோயிலுக்கு வருகிறேன் என்று பின்னால் டேங்கைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். அவர் முகத்தில் இருந்த பெருமை, சாப்பாடு போட்ட பெருமை என்றே எடுத்துக்கொண்டோம்.

வண்டி முதல் மேட்டில் திணறியது. இரண்டாவதில் சறுக்கியது. மூன்றாவது மேட்டின் உச்சிக்கு வந்தபோது கோயில் தெரிந்தது. மண் குதிரைகள், ஆலமரம், அதன் நிழலில் பொங்கலுக்கு வந்த கூட்டம், நடுவில் தோளில் துண்டோடு முத்துமாலை அண்ணாச்சி. கூப்பிடு தூரம்தான். சரிவில் இறங்கியதும் சக்கரங்கள் மணலைத் தோண்ட ஆரம்பித்தன. ராஜதுரை பதறிப்போய் அழுத்தினான். வண்டி இன்னும் ஆழமாக இறங்கி, வயிறு மணலில் தட்டி நின்றது.

இறங்கிப் பார்த்தோம். ராஜதுரை டயரை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். கல்.

"காத்து எப்படிலே வந்துச்சு?" என்றான் என்னைப் பார்த்து.

பின்னாலிருந்து சித்தப்பா குதித்தார். "நாந்தான் மருமகனே! நாலு டயருலயும் காத்தே இல்ல. மாமனாரு வீட்டு வாசல்லருந்து மருமகன காத்தில்லாத வண்டியில அனுப்புனா ஊரு என்னைய என்ன சொல்லும்? டிராக்டர் வச்சிருக்கவன்கிட்ட பம்ப வாங்கி கும்முன்னு அடிச்சி வச்சிட்டேன்."

ராஜதுரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்ட முடியாது, மாமனார் முறை. நன்றி சொல்லவும் முடியாது. அப்புறம் திரும்பி என்னிடம் வந்தான்.

"நம்பி, சிக்கிட்டா மஸ்கட்டுல என்ன செய்வாவ?"

மஸ்கட்டில் எங்கள் வண்டியும் சிக்கியது. அந்த நேரத்தில் நான் ஒரு மேட்டுக்குப் பின்னால் குனிந்து பிரியாணியை விட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது வண்டியை எடுத்துவிட்டிருந்தார்கள். "அது... ஆளுக்கு ஆள் மாறும்" என்றேன்.

காற்றை மறுபடி பிடுங்கினோம். கையால் மணலை அள்ளினோம். முந்திரிக் கிளையை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டோம். சித்தப்பா தன் மேல்துண்டையே போட்டார், அது பின்பக்கமாகப் பறந்து என் முகத்தில் விழுந்தது. வண்டி அசையவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. டேங்க் நிறையத் தண்ணீர். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு ஏறாது.

"தொறந்து விட்டுரு மருமகனே. வண்டி வெளிய வந்துரும்" என்றார் சித்தப்பா.

ராஜதுரை டேங்க் குழாயில் கையை வைத்தான். தண்ணீரை மணலில் விட்டால் வண்டி கோயிலுக்குப் போகும். ஆனால் முத்துமாலை அண்ணாச்சி கேட்டது தண்ணீரோடு வருகிற வண்டியை. காலி வண்டியோடு போய் நின்றால் அதோடு கதை முடிந்தது, சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட வேண்டியதுதான். அவன் கை குழாயிலேயே இருந்தது. கண் கலங்கிவிட்டது. அவன் அழுது நான் பார்த்ததில்லை. நான் என் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

சுயம்புக்கனி வண்டியிலிருந்து இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகினாள். அவன் கையைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டு, பித்தளைக் குடத்தை அடியில் வைத்துத் திறந்தாள். குடம் நிறைந்ததும் மூடினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, சூடேறிய மணலில் கோயிலைப் பார்த்து நடந்தாள்.

ஆலமரத்தடியில் பொங்கலுக்குத் தண்ணீர் இல்லாமல் காத்திருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். குடத்தை அவள் கோயில் தொட்டியில் கவிழ்த்துவிட்டு ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். குடம், வாளி, பொங்கப்பானை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அத்தனை பெண்களும் சரிவில் ஏறி வந்தார்கள்.

"ஏ, வரிசையில வாங்கடி! தண்ணி எங்கயும் ஓடிப்போவாது" என்று ஒரு அத்தை சத்தம் போட்டார். சித்தப்பா குழாயைத் திறக்கிற வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நானும் ஒரு வாளி தூக்கினேன். மணலில் கால் உள்ளே போக, வாளியிலிருந்த தண்ணீரில் பாதி என் பேண்ட்டில்தான் போனது. அதற்குள் சித்தப்பா எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஒரு பெண் என்னை முந்திக்கொண்டு, "மஸ்கட் அண்ணாச்சி, ஓரமா நடங்க" என்று சொல்லிப் போனாள்.

டேங்க் காலியாகக் காலியாக வண்டி மேலே எழும்பியது. கடைசிக் குடம் போனதும் ராஜதுரை ஏறி உட்கார்ந்து மெல்ல அழுத்தினான். சக்கரம் கிளையைக் கடித்துப் பிடித்து ஒரு குலுக்கலோடு வெளியே வந்தது. மாதா துணை ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாக வந்து, அடுத்த சுற்றில் நிமிர்ந்தது. கோயில் வாசல் இடது பக்கம் இருந்ததால் ஆலமரத்தை வலமாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, முத்துமாலை அண்ணாச்சி முன்னால் போய் நின்றான்.

அண்ணாச்சி எழுந்து வந்தார். விரல் முட்டியால் டேங்கைத் தட்டினார். ணங்கென்று காலிச் சத்தம்.

ராஜதுரை தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணாச்சி, மணல்ல கொஞ்சம்..."

அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். தொட்டிக்குப் போய் எட்டிப் பார்த்தார். அதில் முக்கால்வாசித் தண்ணீர் நின்றது. பக்கத்தில் பொங்கல் அடுப்புகள் வரிசையாக எரிய ஆரம்பித்திருந்தன.

"டிராக்டர் சிக்குனா தண்ணியும் அங்கனதான் கெடக்கும், ஆளும் அங்கனதான் கெடப்பான்" என்றார் அண்ணாச்சி. "இன்னைக்குத் தண்ணியும் வந்துட்டு, வண்டியும் வந்துட்டு. முன்ன பின்ன வந்தா எனக்கென்ன? அடுத்த வெள்ளிக்கும் நீயே எடுத்துட்டு வா."

ராஜதுரை கையெடுத்துக் கும்பிட்டான். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. சென்னை மச்சான். சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. அவன் போனை எடுக்காமல் சுயம்புக்கனியைப் பார்த்தான். அட்டைப் பெட்டிகள் அவன் கண்முன்னால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"அண்ணே, நான் கனி பேசுதேன். அவிய வரல. ஆள் வச்சிக்கிடுங்க... கோவம் ஒண்ணும் இல்லண்ணே... பெட்டியா? அவிய போவணும்னு நெனக்காவன்னுல்லா கட்டுனேன்... எனக்கு எங்க இஷ்டம்? என்னைய யாரு கேட்டா?"

போனை அவன் கையில் திணித்தாள். குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"தொட்டி இன்னும் நெறையல. வாங்க, இன்னொரு நட போயிட்டு வருவோம்" என்றாள்.

ராஜதுரையும் ஏறினான். சாவியைத் திருப்ப மறந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.